வயதாகிவிட்டது என்று மாற்றிய முகம்

கேள்வி: லாங்கோம் என்ற பிரெஞ்சு அழகுசாதன நிறுவனம், தன் விளம்பர முகமாக இருந்த நடிகை இஸபெல்லா ரோசலினியை வயதைக் காரணம் காட்டி மாற்றியதை இன்னும் குறையாகப் பேசுகிறார்களே? விளம்பரம் என்றால் இளமையான முகம்தானே வேண்டும்? அது வியாபாரம் இல்லையா?

பதில்: சரி, வியாபாரம் என்றே வைத்துக்கொண்டு பேசுவோம். அவ்வளவு விலை கொடுத்து முகத்துக்கு க்ரீம் வாங்குவது யார்? பெரும்பாலும் கையில் கொஞ்சம் காசும் கண்ணோரத்தில் கொஞ்சம் சுருக்கமும் வந்த பெண்கள். இஸபெல்லா (பழைய ஹாலிவுட் நடிகை இங்க்ரிட் பெர்க்மனின் மகள்) மாடலிங்குக்கு வந்ததே 28 வயதில், லாங்கோமில் கையெழுத்திட்டது 1982-ல், அப்போதே 30. சின்னப் பெண்ணின் முகத்தை நம்பி அவர்கள் தொடங்கவே இல்லை.

1990-ல் லாங்கோமின் ட்ரெசோர் சென்ட் வந்தது. லிப்ஸ்டிக் என்றால் நிறத்தை அச்சில் காட்டிவிடலாம், வாசனையை எப்படிக் காட்டுவது? ரோஜாவும் பீச் பழமுமாகக் கலந்த அந்த வாசனையை உருவாக்கியவர் சோஃபியா க்ரோஸ்மன். ஆனால் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்த, அந்த பாட்டிலைத் திறந்தே பார்க்காத ஒரு பெண்ணிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இஸபெல்லாவின் முகம்தான். சுமார் 14 வருடம் அந்த வேலையைச் செய்தவரை, 40-ஐத் தாண்டியதும் போகச் சொன்னார்கள். பெண்கள் கனவு காண்பது இளமையைத்தான், விளம்பரம் கனவைத்தான் காட்ட வேண்டும் என்று தன்னிடம் காரணம் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 30 வயதில் அவர் முகத்தைப் பார்த்து வாங்க ஆரம்பித்தவர்களுக்கும் அதே வருடம்தான் 40 தாண்டியிருக்கும். அவரிடம் சொன்னது அவர்கள் காதிலும்தானே விழுந்திருக்கும்? இத்தனை வருடம் காசு கொடுத்தவளிடம், உன் முகம் இனி யாருக்கும் கனவு இல்லை என்று சொல்வதை வியாபாரம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம், நீங்கள் சொல்லும் கணக்கை அந்த நிறுவனமே மாற்றிக்கொண்டது. 2016-ல், அவருக்கு 63 வயதாகும்போது, அதே லாங்கோம் அவரைத் திரும்ப அழைத்தது. அப்போது தலைமையில் இருந்தவர் ஒரு பெண், அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சுருக்கத்தை மறைத்துக்கொண்டு அவர் திரும்பி வரவில்லை. 2023-ல், 71 வயதில், இத்தாலிய வோக் ஃபேஷன் இதழின் அட்டையிலும் சுருக்கங்களோடுதான் இருந்தார்.

அந்த முகம் 63-ல் விற்கும் என்றால் 50-லும் விற்றிருக்கும். 50 வயது இஸபெல்லா எப்படி இருந்தார் என்று பார்க்க ஒரு லாங்கோம் விளம்பரம்கூட இல்லை. அந்த வயதில் கடையில் போய் அந்த க்ரீமை வாங்கிய பெண்கள் மட்டும் இருந்தார்கள்.