வணக்கம் மட்டும் போட்டுவிட்டுப் போங்கள்: அடிமுறை கேள்வி பதில்

அடிமுறை எங்கள் குமரிப் பக்கத்துத் தற்காப்புக் கலை. தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. நான் ஆசான் இல்லை. ஓர் ஆசானிடம் 26 வருஷமாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: மூன்று வருஷமாக ஒற்றைச் சுவடு என்கிற அடிப்படைக் காலடிப் பாடம்தான் அண்ணே. கூடப் படிக்கிறவன் கராத்தேயில் பிரவுன் பெல்ட் வாங்கிவிட்டான். எனக்கு வெறுத்துப்போச்சு.

பெல்ட் ஒன்றும் ஆதிகாலத்து விஷயம் இல்லை தம்பி. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1880களில் கறுப்புப் பட்டையைக் கொண்டுவந்தார், கராத்தேக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். முதல் கறுப்புப் பட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஷோதான், அதாவது தொடக்க நிலை. அங்கேயும் அதற்குப் பிறகுதான் பாடமே.

ஆனால் உன் வெறுப்பு நியாயமானது. முன்னேறுகிறோமா என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் யாருக்கும் சலிக்கும். நான் செய்வதைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே முற்றத்தில், அதே தென்னையில் போனைச் சாய்த்துவைத்து அதே சுவட்டைப் படம் எடுப்பேன். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் பார்ப்பேன். வேகத்தைப் பார்க்காதே. திரும்பும்போது பின்குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா, தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா, கடைசிச் சுவட்டில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாயா என்று பார். என் முதல் படத்தில் மூன்றும் இருந்தது. அதை யாருக்கும் காட்டுவதில்லை.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டுபவர்: மூன்று மணிக்கு எழும்பிப் போகிறேன். சாயங்காலம் உடம்பு அசைய மாட்டேங்குது. எப்படிப் பயிற்சி பண்ணுவது?

சாயங்காலத்தை விட்டுவிடுங்கள். பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்ததும், குளிக்கப் போகும் முன் 15 நிமிஷம் போதும். அதுவும் முடியாத நாளில் வணக்கத்தை மட்டும் போட்டுவிட்டுப் போங்கள். தரையைத் தொட்டு வணங்கியபின் பாதி நாட்களில் கால் தானாக அடுத்த சுவடு வைத்துவிடும். வைக்காவிட்டாலும் அன்றைய கணக்கு தீர்ந்தது.

அப்புறம், நம் ஜில்லாவுக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வெட்டு நிற்கிற மழைநாட்களை நீண்ட பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் வழுக்கும், திண்ணையில் செய்யுங்கள். நாள் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து வெட்டுகிறவர் நீங்கள், மறுபக்கத்துக்கு இரண்டு தடவை கூடுதலாகப் போடுங்கள்.

பாறசாலை, ஒரு அம்மா: மகள் பத்தாம் வகுப்பு. ஒரு வருஷம் நிறுத்திவிட்டுப் பிறகு அனுப்பலாமா?

அக்கா, நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆக்குங்கள். உடம்பில் வலுவை ஏற்றுவதற்கு வேண்டிய உழைப்பு அதிகம், ஏறியதைக் காப்பாற்றக் கொஞ்சம் போதும். முழுக்க நிறுத்திய பிள்ளைகள் பரீட்சை முடிந்து திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை, பெண்பிள்ளைகளை வீட்டுக்காரர்களே பிறகு விடுவதில்லை. கேரளத்து வடகரை மீனாட்சி அம்மா சிறுவயதில் களரிப்பயிற்றில் இறங்கியவர். 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது 70 வயதைத் தாண்டியிருந்தார், அப்போதும் வாள் பிடித்தார். மகளுக்குக் காட்டுங்கள், உங்கள் வீட்டுக்காரருக்கும்.

குளச்சல், மீனவர்: கடலுக்குப் போனால் ஒரு வாரம் ஆகும். வந்தால் பாடம் மறந்துவிடுகிறது.

படகிலேயே குறுந்தடி பிடிக்கலாம், இடம் வேண்டாம். ஆடுகிற தளத்தில் நிற்கும் உங்கள் காலை நாங்கள்தான் கடன் கேட்க வேண்டும்.

தக்கலை, 52 வயது: முட்டி வலி. விட்டுவிடலாமா?

இறங்கி நிற்பதை மட்டும் விடுங்கள். கைப்பாடத்தையும் கம்பையும் விட வேண்டாம். வீக்கம் இருந்தால் எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள். உடம்பின் உயிர்ப்புள்ளிகளை வைத்து அடியும் வைத்தியமும் படிக்கிற வர்மக்காரனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

அருமனை, பெயர் வேண்டாம் என்றவர்: ஐந்து வருஷம் ஆச்சு. ஆசான் எப்போது வர்மம் சொல்லித் தருவார்?

படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 புள்ளிகள். இந்தக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் புள்ளியில் தட்டிவிட்டால் பாதிப்பை இளக்கிச் சரிசெய்யத் தெரிய வேண்டும், அதுதான் புத்தகத்தில் வராது. வர்மத்துக்காக மட்டும் வந்தவர்கள் ஐந்தாம் வருஷம்தான் போவார்கள். நீங்கள் இப்போது அந்த வருஷத்தில் இருக்கிறீர்கள்.

களியக்காவிளை: நீங்கள் எப்போதாவது விட்டதுண்டா?

உண்டு. கல்ஃபில் இரண்டு வருஷம் ஒரு சுவடுகூட வைக்கவில்லை. ஊருக்கு வந்ததும் வெட்கத்தில் ஒரு வாரம் நாங்கள் பயிற்சி செய்யும் களரிப் பக்கம் போகாமல் சுற்றுவழியாகக் கடைக்குப் போனேன். கடைசியில் ஒருநாள் போய் வாசலில் நின்றேன். ஆசான் ஒன்றும் கேட்கவில்லை, துடைப்பத்தை நீட்டினார். முற்றத்தைப் பெருக்கிவிட்டு வந்தேன். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் பெருக்கி முடித்துவிட்டு, கேட்காமலேயே, சின்னப் பிள்ளைகள் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டேன்.