மாத்திரையை மாற்றும் முன்பு தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 39, எடை 68 கிலோ. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு தைராய்டு சுரப்பு குறைவு என்று அரசாங்க கிளினிக்கில் சொன்னார்கள். முதலில் 50, இப்போது 75 மைக்ரோகிராம் மாத்திரை. விடியற்காலையில் பால் தேத்தண்ணி போட்டு, அதோடு தைராய்டு மாத்திரையையும் இரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவேன். களைப்பு, முடி கொட்டுவது, மாதவிலக்கில் அதிகப் போக்கு எதுவும் குறையவில்லை. எடையும் இறங்கவில்லை. கடைசியாகப் பார்த்த டிஎஸ்எச் 9.6. டாக்டர் 100க்கு ஏற்றலாம் என்கிறார். கிள்ளானில் இருக்கும் அக்கா, 'அந்த மாத்திரையை விடு, இயற்கை தைராய்டு மாத்திரை வாங்கித் தருகிறேன்' என்கிறார். மாமியாரோ இது நோயே இல்லை, சோம்பல் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? என் 14 வயது மகளுக்கும் இது வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எல்லாரும் மருந்தைப் பற்றியும் உங்களைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் என் கண் முதலில் அந்த ஒரு வரியில்தான் போய் நின்றது. பால் தேத்தண்ணி, தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, மூன்றும் ஒரே வாய்க்குள்.

உங்கள் தைராய்டு மாத்திரையின் பெயர் லெவோதைராக்சின். அது குடலில் உறிஞ்சப்பட்டால்தான் வேலை செய்யும். இரும்புச்சத்து அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாது. கால்சியமும் அப்படித்தான். தேநீர், காப்பி, பால், சோயா பால் எல்லாமே ஓரளவுக்குத் தடுக்கும். அதனால் நீங்கள் விழுங்குவது 75 மைக்ரோகிராமாக இருந்தாலும் இரத்தத்தில் சேருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மருந்து பலிக்கவில்லை என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். அது இன்னும் முழுசாக உள்ளேயே போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதில் ஒரு சுற்று இருக்கிறது, கவனியுங்கள். தைராய்டு குறைந்தால் பல பெண்களுக்கு மாதவிலக்கில் போக்கு அதிகமாகும். போக்கு அதிகமானால் இரத்தசோகை வரும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து ஏறாது. அது ஏறாவிட்டால் போக்கும் குறையாது. இரண்டு வருடமாக நீங்கள் இதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். உங்கள் குற்றம் இல்லை. நீண்ட வரிசையில் ஓரிரு நிமிடத்தில் மருந்தைக் கையில் கொடுக்கும்போது, உறையில் மலாயில் அச்சடித்திருப்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அந்த விளக்கத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

டிஎஸ்எச் என்றால் என்ன என்று தெரிந்தால் உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே படிக்கலாம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டிடம் வேலை வாங்கும் ஒரு மண்டோர் மாதிரி. வேலை நடக்காவிட்டால் மண்டோரின் குரல் உயரும். அந்தக் குரல்தான் டிஎஸ்எச். தைராய்டு எவ்வளவு குறைவாகச் சுரக்கிறதோ, டிஎஸ்எச் எண் அவ்வளவு ஏறும். பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை சரியான அளவு. உங்களுடையது 9.6. உங்களுக்குத் தைராய்டு குறைவு இருப்பது இரத்தத்திலேயே தெரிகிறது. மாமியார் கேட்டால் அந்தத் தாளைக் காட்டலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மட்டும் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு தேத்தண்ணிக்கோ பசியாறைக்கோ குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அவற்றை மாற்றிவிட்டால் நினைவில் வைப்பதும் சுலபம். நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது மாத்திரை எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் இந்த மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கக்கூடும்.

விடியற்காலையில் எழுந்ததும் அடுப்படி, பிள்ளை, சாப்பாட்டுத் தூக்கு என்று ஓடுகிற உங்களுக்கு ஒரு மணி நேரம் தேத்தண்ணி இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்கு வேறு வழி இருக்கிறது. இராச்சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது சாப்பிடலாம். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், காலையில் சாப்பிட்டதைவிட இரவு படுக்கும்போது சாப்பிட்டபோது டிஎஸ்எச் நன்றாக இறங்கியது. ஏழரைக்குச் சாப்பிட்டு பத்தரைக்குப் படுக்கிற வீடாக இருந்தால் இது உங்களுக்குப் பொருந்தும். எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கே கண் சொக்கிவிடும் என்றால் வேண்டாம், காலையையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தைப் பிடித்தால் அதையே பிடியுங்கள்.

டோஸ் ஏற்றும் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். டாக்டர் 100 என்று சொன்னது தவறில்லை. தைராய்டு முற்றிலும் வேலை செய்யாத ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். உங்கள் எடைக்குக் கணக்குப் போட்டால் 109 வருகிறது. ஆனால் நீங்கள் மருந்தைத் தேத்தண்ணியோடு விழுங்குவது அவருக்குத் தெரிந்திருக்காது. டோஸையும் ஏற்றி, சாப்பிடும் முறையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் அளவு திடீரென்று கூடிவிடக்கூடும். அப்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். ரொம்ப நாள் அளவுக்கு மீறிப் போனால் எலும்பு பலவீனமாகும், இதயத்துடிப்பும் தாறுமாறாகும். ஆகவே டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "இதுவரை தேத்தண்ணியோடும் இரும்புச்சத்தோடும் சேர்த்துத்தான் சாப்பிட்டேன். இனி சரியாகச் சாப்பிடுகிறேன். 75லேயே வைத்து இன்னொரு முறை பார்க்கலாமா?" முடிவு அவருடையது. ஆனால் இந்த விவரம் இல்லாமல் அவரால் சரியான முடிவுக்கு வர முடியாது.

மறுபரிசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். இந்த மருந்தில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், மெதுவாகத்தான் நிலைக்கு வரும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். முடி கொட்டுவது நிற்க இன்னும் பல மாதம் ஆகலாம். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்னால் நிறுத்திவிடுங்கள், அது தைராய்டு பரிசோதனை எண்ணையே பொய்யாக்கும். எடை விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஏமாற்றம் வரக்கூடாது என்பதால் இப்போதே சொல்கிறேன். தைராய்டு குறைவினால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். மருந்து சரியானால் அந்த அளவு இறங்கும். மிச்சத்துக்குச் சாப்பாட்டையும் நடையையும்தான் பார்க்க வேண்டும்.

அக்கா சொல்லும் 'இயற்கை தைராய்டு' புதிதல்ல. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். 46 வயதில் ஒடுங்கிக் கிடந்த அந்தப் பெண் அதற்குப் பிறகு 74 வயதுவரை வாழ்ந்தார். இந்த நோய்க்கான சிகிச்சையின் தொடக்கமே அதுதான். ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்கும் மாத்திரை பொதுவாகப் பன்றியின் தைராய்டைக் காயவைத்துப் பொடியாக்கியது. அதில் டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களும் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. மனிதத் தைராய்டு சுரப்பது ஏறக்குறைய பதினான்குக்கு ஒன்று. அதாவது டி3 நமக்கு வேண்டியதைவிட அதிகம். அது சட்டென்று ஏறி இறங்கும், இதயத்துக்குச் சுமை. நீங்கள் சாப்பிடும் லெவோதைராக்சின் உங்கள் தைராய்டு சுரக்கும் அதே டி4. உடம்பு தனக்கு வேண்டிய டி3-ஐ அதிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும்.

டிஎஸ்எச் சரியான பிறகும் சிலருக்கு உடம்பு சரியாவதில்லை, உண்மைதான். அவர்களை யாரும் பொய் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடக்கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு டி3-ஐயும் கொஞ்ச காலம் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம், அதுவும் நிபுணரின் கண்காணிப்பில் மட்டும் என்று ஐரோப்பிய தைராய்டு சங்கம் 2012இல் சொன்னது. நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. டிஎஸ்எச் 4-க்குக் கீழே வந்த பிறகும் களைப்பு போகவில்லை என்றால், முதலில் வேறு காரணங்களைத் தேடச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சர்க்கரை, குறட்டையோடு வரும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, இவற்றில் ஏதாவது கூடவே இருக்கக்கூடும். அதிலும் எதுவும் சிக்காவிட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரிடம் ஐந்து வெள்ளி. வெளியில் மாதாமாதம் நூற்றுக்கணக்கில் கொடுத்து மாத்திரை வாங்குமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

யாராவது 'தைராய்டுக்கு நல்லது' என்று கடற்பாசி மாத்திரையோ மூலிகைத் தூளோ கொண்டுவந்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லாததைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு முதல் வாரத்தில் தெம்பு தரும், அதனால்தான் சனம் நம்பிவிடுகிறது. பதிவு எண் இருந்தாலும் கடற்பாசியில் உள்ள கூடுதல் அயோடின் சிலருக்குத் தைராய்டு குறைவை இன்னும் மோசமாக்கும். முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு பற்றியும் பயமுறுத்துவார்கள். நன்றாக வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. புரட்டாசியில் இறைச்சியை விட்டுத் சோயாவில் செய்த தவுவும் தெம்பேயுமாகச் சாப்பிடுகிற வீடென்றால், மாத்திரைக்கும் அவற்றுக்கும் இடையே நல்ல இடைவெளி விடுங்கள், போதும்.

மருந்து வாங்க ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகிறது என்றால், எஸ்பியுபி என்ற அரசாங்க மருந்து விநியோக முறையில் தொடர் மருந்தை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்க கிளினிக்கிலேயே வாங்க முடியுமா என்று மருந்தக முகப்பில் கேளுங்கள். மாத்திரை அட்டையை அடுப்புக்கு மேலேயோ லாரியின் கண்ணாடிக்குக் கீழேயோ வைக்காதீர்கள், வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் போய்விடும். இன்னொரு பிள்ளைக்கு யோசனை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனாலே உடனே கிளினிக்குக்குப் போங்கள், கர்ப்பத்தில் டோஸ் கால் பங்கிலிருந்து பாதி வரை கூட வேண்டியிருக்கும்.

மாமியாருக்கு வருவோம். அவர் காலத்துப் பெண்கள் காய்ச்சலோடும் பால்மரம் வெட்டப் போனவர்கள். உடம்பு முடியவில்லை என்று உட்கார அவர்களை யாரும் விட்டதில்லை. அதனால் உங்கள் களைப்பு அவருக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனாலும் 'சோம்பேறி' என்ற சொல்லை நீங்கள் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த தவணைக்குக் கணவரை உடன் அழைத்துப் போங்கள். டிஎஸ்எச் எண்ணை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும், அப்புறம் அம்மாவிடம் அவர் பேசட்டும். இந்த எட்டு வாரத்துக்கு விடியற்காலை அடுப்பை யார் பார்ப்பது என்றும் அங்கேயே முடிவெடுங்கள். நோயாளி ஒருத்தி மட்டும் மாறினால் போதாது, வீடும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும்.

மகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அயோடின் போதுமான அளவு கிடைக்கிற இடங்களில் பெரும்பாலான தைராய்டு குறைவுக்குக் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தைராய்டையே தாக்குவது. 1912இல் ஜப்பானிய டாக்டர் ஹகரு ஹஷிமோட்டோ முதலில் விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கிறார்கள். உங்களுக்கு அதுதானா என்பதை டிபிஓ எதிர்ப்பொருள் என்ற இரத்தப் பரிசோதனை காட்டும், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அது குடும்பத்தில் ஓடக்கூடியது, ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது. மகளுக்குக் கழுத்தில் முன்பக்கம் வீக்கம் தெரிந்தாலோ, உயரம் நின்றுபோனாலோ, மாதவிலக்கு தாறுமாறானாலோ, நன்றாகப் படித்த பெண் திடீரென்று மந்தமானாலோ ஒரு டிஎஸ்எச் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது அப்படி ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு ஊசி குத்த வேண்டிய அவசரமில்லை.