ஒரு சாவியும் ஒரு மனு ரசீதும்

கேள்வி: கிருஷ்ணகிரி–தர்மபுரி சாலையோரக் கிராமம் எங்களுடையது. பால் சொசைட்டிக்குப் போய்வர மூன்று வருடம் முன்பு புதிதாக பைக் வாங்கினேன். வீட்டுத் திண்ணை ஓரம் பூட்டி நிறுத்தியிருந்தேன். விடிந்து பார்த்தால் இல்லை. ஹேண்டில் லாக் லூசாக இருக்கிறது, லாக் செட் மாற்று என்று மெக்கானிக் சொல்லி நாலு மாதம் ஆகிறது. செலவைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன். இரண்டாவது சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. ஸ்டேஷனில் மனு ரசீதுதான் கொடுத்தார்கள். "ஒரு சாவியை வைத்துக்கொண்டு கிளெய்ம் வாங்க முடியாது, மூவாயிரம் கொடுங்கள், இன்னொரு சாவி அடித்து எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஓர் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு சாவி குறைந்தால் கம்பெனி கேள்வி கேட்கும், அவ்வளவுதான். அடித்த சாவியைக் கொடுத்தால் உங்கள் திருட்டுப் புகாரையே நம்பாது. தேய்ந்த சாவியைப் பார்த்து அடிக்கிற சாவி, அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்திருக்கும். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன் சொல்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூவாயிரம் வாங்கியவர் அன்றைக்குப் போனை எடுக்கமாட்டார். சாவி எப்போது, எப்படித் தொலைந்தது என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இருக்கிற சாவியோடு கொடுங்கள். பூட்டு லூசாக இருந்ததைக் கேட்டால் மறைக்க வேண்டாம். வண்டி வீட்டோரம்தானே நின்றது, நடுரோட்டில் இல்லையே.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு 5 வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். ஷோரூமில் "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது நீங்கள் அடுத்தவர் மேல் மோதினால் அவருக்குக் கொடுப்பது. திருட்டுக்குப் பணம் தருவது 'ஓன் டேமேஜ்' என்கிற பகுதி. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டுத் தருவார்கள், பிறகு வருடாவருடம் நாம்தான் புதுப்பிக்க வேண்டும். வண்டி காணாமல் போன தேதியில் அது உயிரோடு இல்லையென்றால், பத்துச் சாவி இருந்தாலும் ஒரு பைசா வராது. இதைச் சொல்லாமல் விற்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. இருந்தால், பாலிசியில் ஐ.டி.வி. என்று, வண்டிக்குக் கம்பெனி வைத்த மதிப்பாக ஒரு தொகை போட்டிருக்கும். கிடைப்பது ஏறக்குறைய அதுதான், வாங்கிய விலை அல்ல.

அடுத்தது மனு ரசீது. அது எஃப்.ஐ.ஆர். இல்லை, கம்பெனி அதை ஏற்காது. "பதினைந்து நாள் தேடிப் பார்க்கலாம்" என்பார்கள். இங்கிருந்து ஓசூர் தாண்டினால் கர்நாடகா, குப்பம் பக்கம் போனால் ஆந்திரா. நீங்கள் ரசீதை மடித்துப் பையில் வைப்பதற்குள் வண்டி வேறு மாநிலத்தில் இருக்கும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், அதன் நகல் இலவசம். மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் இறுதி அறிக்கையும் வேண்டும், அதற்குச் சில மாதம் நடக்க வேண்டியிருக்கும். அதுவரை காத்திருக்காமல் கம்பெனிக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னீர்கள் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தால், போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால் அந்த ஒரு காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எழுதிக் காட்டுங்கள்.

உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், எத்தனையோ பேர் இதில்தான் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். டீக்கடை வாசலில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினீர்கள், வண்டி போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் அலட்சியம், பணம் கிடையாது" என்று ஒரு கடிதம் வரும். அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சாவியை விட்டுவிட்டு டிரைவர் இறங்கிப்போன ஒரு லாரித் திருட்டில், 2023இல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. முழுத்தொகை இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. கம்பெனி தானாக இதைச் சொல்லாது, நீங்கள் கேட்க வேண்டும். பைக்குக்கும் இதே வாதத்தை வைக்கலாம். எவ்வளவு அலட்சியம் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அதனால் சாவி எங்கே இருந்தது என்று பொய் சொல்லி இருக்கிற 75ஐயும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறுத்துவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேலான புகார்களை விசாரிக்கிற, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். பைக் லோனில் இருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள், கிளெய்ம் பணம் முதலில் ஃபைனான்ஸ்காரருக்குத்தான் போகும்.

அந்த ஏஜென்டிடம் ஆர்.சி. ஒரிஜினலையோ கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளையோ கொடுத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் கிளம்பிப் போய் வாங்கி வந்துவிடுங்கள்.