படகுக்காரர்களின் குளிர்காலம்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் இருக்கிறேன். சென்ற மாதம் குடும்பத்துடன் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே லேக் ஜார்ஜுக்குப் போயிருந்தோம். மொஹிகன் என்ற படகில் ஏறினோம். 1908-ல் கட்டியதாம். கம்பெனி 1817-ல் தொடங்கியதாம். இருநூறு வருடமாக ஒரே குடும்பம் ஒரே தொழிலை விடாமல் நடத்துவதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அப்பா கும்பகோணம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறார். தாத்தா தொடங்கியது. நான் இங்கே வந்துவிட்டேன், விற்றுவிடலாமா என்று அப்பா கேட்கிறார். நம்மாட்களுக்கு ஏன் மூன்று தலைமுறை தாண்டித் தொழில் நடத்தத் தெரிவதில்லை? அந்த ஒழுக்கம் நம் ரத்தத்திலேயே இல்லையோ?

பி.கு: பக்கத்தில் நின்ற படகில் நீராவியில் வாசிக்கும் கருவி ஒன்று காதைப் பிளந்தது. மகள் பயந்து அழுதுவிட்டாள். இதையும் பாரம்பரியம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ரத்தத்தை விட்டுவிடுங்கள். படித்த பிள்ளைகள் ரத்தம் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். டிக்கெட் வாங்கி ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்து எழுந்து வந்தவர், சொந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் ரத்தத்தையும் சோதித்து முடிவு சொல்கிறீர்கள். உங்கள் தாத்தா தொடங்கியதை உங்கள் அப்பா இன்றைக்கும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கும் அதே ரத்தம்தானே?

மகளிடம் அன்பைச் சொல்லுங்கள். அந்தக் கருவிச் சத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்த காரணம் அந்த ஏரி. கொஞ்ச நாளாகவே படகுகளையும் படகு விபத்துகளையும் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். லேக் ஜார்ஜுக்கு அதில் பெரிய இடம் உண்டு.

முதலில் வரலாறு. 1817 சரிதான். ஆனால் இன்றைய குடும்பத்துக்கும் அந்த வருடத்துக்கும் சம்பந்தமில்லை. அப்போது ஓட ஆரம்பித்தது ஜேம்ஸ் கால்டுவெல் என்ற நீராவிப் படகு. நாலு வருடத்தில், 1821-ல், துறையிலேயே எரிந்துபோனது. பின்னால் வந்த ஜான் ஜே என்ற படகு 1856-ல் பயணத்தின்போதே தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். 1870-களில் டெலவேர் அண்ட் ஹட்சன் ரயில் கம்பெனி தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆட்களைத் தென்முனையில் படகில் ஏற்றி, வடமுனையில் மறுபடி ரயிலில் ஏற்றி, சாம்ப்ளேன் ஏரிப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். அவர்கள் பார்வையில் 51 கிலோமீட்டர் ஏரியும் ரயில் பாதையின் ஒரு துண்டுதான். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் உபரி வருமானம்.

அப்புறம் கார் வந்தது, நல்ல ரோடு வந்தது, 1929-க்குப் பிறகு பொருளாதார மந்தமும் வந்தது. பெரிய படகுகளான சாகமோர் 1937-லும், 230 அடி நீள ஹொரிகான் 1939-லும் பழைய இரும்பாகப் போயின. அந்த 1939-லேயே ரயில் கம்பெனி கையைக் கழுவியது. மிஞ்சியது மொஹிகன் ஒன்று. 1945-ல் வில்பர் டோ என்பவர் கம்பெனியை வாங்கினார். கப்பல் வழக்குகள் நடத்தும் வக்கீல், கூடவே கப்பல் கேப்டன். அவர் வாங்கியது 37 வயதான ஒரு படகையும் ஒரு பழைய பெயரையும்தான். அந்தக் குடும்பத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. இருநூறில் பாதிகூட இல்லை. அதற்கு முந்தைய காலத்தில் எரிந்தது, நொடித்தது, கைமாறியது எல்லாம் உண்டு. நீங்கள் பொறாமைப்பட்ட அந்த 1817-ஐ டோ குடும்பம் காசு கொடுத்து வாங்கியது.

இதனால் அவர்கள் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை, கூடுகிறது. பெரிய ரயில் கம்பெனியே வேண்டாம் என்று விட்டுப்போனதை ஒரு தனி ஆள் எடுத்து, மொஹிகனில் நீராவியை மாற்றி டீசல் வைத்து ஓட்டுகிறார். போரில் படைகளைக் கரையிறக்கக் கட்டிய கடற்படைக் கப்பல் ஒன்றை வாங்கித் தரை வழியாகவே கொண்டுவந்து, 1950-ல் டிகாண்டரோகா என்ற பெயரில் சுற்றுலாக் கப்பலாக விடுகிறார். தண்ணீர் வழியாக அந்த ஏரிக்குள் எந்தக் கப்பலும் வர முடியாது, வெளியேறும் ஆறு அருவியாக விழுந்துதான் சாம்ப்ளேனில் சேர்கிறது. அங்கே மிதக்கிற பெரிய கப்பல் எதுவானாலும் கரையிலேயே கட்டியதாக இருக்கும், இல்லை தரை வழியாக வந்ததாக இருக்கும். 1969-ல் மின்னேஹாஹா, 1989-ல் 190 அடி நீள லாக் டு செயின்ட் சாக்ரமென்ட். நடுவில் மனிதர் நியூ ஆர்லியன்ஸ் போய் அங்கேயும் ஒரு கம்பெனி தொடங்கி, 1975-ல் நாட்செஸ் என்ற நீராவிக் கப்பலை விட்டார். அதற்குப் போட்ட இயந்திரம் 1925-ல் ஓடிய வேறொரு கப்பலுடையது. லேக் ஜார்ஜில் அவருக்குப் பிறகு மகன் பில் டோ பொறுப்புக்கு வந்தார்.

ஆனால் அந்த ஊரில் நிற்க நேர்ந்தால் நான் கேட்பது வேறு. ஜனவரியில் என்ன செய்கிறார்கள்?

நீங்கள் போனது வெயில் காலம். மே முதல் அக்டோபர் வரை கூட்டம். அப்புறம் ஊர் காலி, குளிர் ஏறினால் ஏரி உறைகிறது. டிக்கெட் விற்காத அந்த மாதங்களில்தான் தகடு மாற்றுவது, துரு சுரண்டுவது, இயந்திரத்தைப் பிரித்துப் போடுவது எல்லாம் நடக்க வேண்டும். வருமானம் நின்ற நேரத்தில், எந்தப் பயணியும் பார்க்கப்போகாத இடத்தில் காசைக் கொட்ட ஒரு ஆள் வேண்டும். தொழில் நிற்பதும் விழுவதும் அந்த ஆளைப் பொறுத்தது. அவர் மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், சம்பளத்துக்கு வந்த மேஸ்திரியாகவும் இருக்கலாம்.

என் அப்பா ஒரு குடும்ப பஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். ஷெட்டுக்குள்ளேயே அவர் மேசை. பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கேதான் போவேன். கிரீஸ் வாசனை இல்லாமல் வீட்டுப்பாடம் எழுதிய ஞாபகமே எனக்குக் கிடையாது. பெரிய முதலாளி ராத்திரி கடைசி வண்டி வந்து சேரும் வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். டிரைவரிடம் வசூல் கேட்க மாட்டார். எந்த இறக்கத்தில் பிரேக் இழுக்கிறது, எந்தப் பக்கம் பட்டை சத்தம் போடுகிறது, அதைத்தான் கேட்பார். மறுநாள் அப்பாவின் நோட்டில் அது செலவாக ஏறும். பிறகு சின்ன முதலாளிகள் வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, எனக்கு மிட்டாய் வாங்கித் தந்தவர்கள். வண்டிக்குப் புதுப் பெயிண்ட், உள்ளே டிவி, மேலே பெரிய கேரியர். எஃப்சி என்ற தகுதிச் சான்றிதழுக்கு வண்டியைக் காட்டப் போகும்போது மட்டும் நல்ல டயரை வாடகைக்கு எடுத்து மாட்டுவார்கள், திரும்பி வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வாடகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அப்பா கேட்டார். ‘பூஜைச் செலவுன்னு எழுதுங்க’ என்றார்கள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அவர்கள் ரத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

சரி, ஏரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம் இது. அந்த ஏரிக்குப் போய்வந்தவர் கட்டாயம் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது.

2005 அக்டோபர் 2. அதே லேக் ஜார்ஜ், வேறொரு கம்பெனி. ஈத்தன் ஆலன் என்ற 40 அடிப் படகு. 47 பயணிகள், பெரும்பாலும் மிச்சிகனிலிருந்து வந்த வயதானவர்கள். ஓட்டுகிறவர் ஒருவர். புயல் இல்லை, மழை இல்லை, நல்ல பகல். படகு ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. 20 பேர் இறந்தார்கள். படகில் 48 பயணிகள் ஏறலாம் என்று சான்றிதழ் இருந்தது. அதன்படி பார்த்தால் ஒரு ஆள் குறைவாகத்தான் ஏற்றியிருந்தார்கள்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அந்தப் படகில் ஏறியிருக்க வேண்டியவர்கள் 14 பேர்தான் என்று கணக்கு வந்தது. நாற்பத்தெட்டு எங்கே, பதினாலு எங்கே! 1966-ல் கட்டிய படகு அது. முதலில் மேலே கித்தான் கூரை. வருடங்கள் கழித்து அதை எடுத்துவிட்டு மரக்கூரை போட்டார்கள். மேலே கனம் ஏறினால் படகு சாய்ந்த பிறகு நிமிர்கிற சக்தி குறையும். கூரை மாறிய பிறகு அந்தக் கணக்கை யாரும் மறுபடி போடவில்லை. பழைய சான்றிதழே ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று, ஆளின் எடை. பழைய விதிப்படி ஒரு ஆளுக்குச் சராசரி 140 பவுண்டு, அதாவது 64 கிலோ கூட இல்லை. அந்த விதிக்கும் அப்புறம் வந்த காலத்துக்கும் நடுவில் அமெரிக்கர்கள் எவ்வளவு பெருத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்டுக் கடலோரக் காவல்படை தன் கணக்கை 185 பவுண்டாக உயர்த்தியது 2011 கடைசியில்தான்.

படகு கைமாறும்போது சான்றிதழும் கூடவே வருகிறது. ஆனால் அந்தத் தாளில் இருப்பது கித்தான் கூரை போட்ட பழைய படகு. இன்றைக்குத் துறையில் கட்டியிருப்பது வேறு. அப்பா மாற்றிய கூரை மகனுக்குத் தெரியும். கூரையோடு கணக்கும் மாறிவிட்டது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? பரம்பரைத் தொழிலில் நான் பயப்படுவது இதற்குத்தான். ‘எப்பவும் இப்படித்தான் ஓடுது’ என்ற வாக்கியம் சொத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

தனியார் என்றால் இப்படித்தான், அரசாங்கம் நடத்த வேண்டும் என்று உங்கள் நண்பர் யாராவது சொல்லக்கூடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த ஜலகன்யகா கேரள அரசின் சுற்றுலாக் கழகத்துடையது. ஓட ஆரம்பித்துச் சில வாரமே ஆன இரண்டு அடுக்குப் படகு. விலங்கு பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள், சாய்ந்துவிட்டது. 45 பேர் போனார்கள், அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. கரையோரம் விலங்கு நின்றால் ஜனம் அந்தப் பக்கம்தான் ஓடும். படகு கட்டுகிறவர் முதலில் நினைக்க வேண்டியதே அதை. ஆனால் பேச்செல்லாம் பயணிகளுக்கு ஒழுக்கம் இல்லை என்பதைப் பற்றித்தான் நடந்தது. நீங்களும் ஒழுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

ஆலையை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது நீங்களும் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேச வேண்டியது, என்னிடம் எதற்கு? ஆனால் அதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள். விற்பது பற்றிப் பேசாதீர்கள். குறுவை நெல் முடிந்து சம்பா வருவதற்குள் ஆலையில் என்ன வேலை பார்ப்பார் என்று கேளுங்கள். நெல் அவிக்கிற பாய்லரில் கடைசியாக எப்போது குழாய் மாற்றினார்கள், தாத்தா காலத்து மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரியது போட்டபோது அதைத் தாங்குமா என்று அஸ்திவாரத்தை யார் பார்த்தார்கள், கேளுங்கள். நிச்சயம் அவருக்குத் தெரியும். நீங்கள் இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆலையை நீங்களே நடத்தினாலும் அது வேண்டும். வேறு யாராவது வாங்கினால், பத்திரத்தோடு அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.