வாசகர் கேள்வி–பதில்: கன்றுத் தோலில் ஒரு முழு விவிலியம்

கேள்வி: இலத்தீனில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய விவிலியம் எது? வத்திக்கானில் இருக்கிறதாமே? — வாசகர் ஒருவர், பாசையூர்

வத்திக்கானில் இல்லை. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், லாரென்சியானா நூலகத்தில் இருக்கிறது. பெயர் கோடெக்ஸ் அமியாற்றினுஸ். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருந்த வியர்மத்–ஜரோ இரட்டை மடத்தில், மடாதிபதி செயோல்பிரித் எழுதுவித்த மூன்று பிரதிகளில் இது ஒன்று. இதைப் புனித இராயப்பருக்கு (பேதுருவுக்கு) காணிக்கையாக்க 716இல் உரோமாபுரிக்குப் புறப்பட்டவர், அந்த ஆண்டு செப்டெம்பர் 25 அன்று பிரான்சின் லாங்ர் என்ற ஊரில் இறந்துபோனார். பிறகு புத்தகம் தஸ்கனியின் அமியாற்றா மலையிலுள்ள சான் சல்வதோரே மடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உரோமாபுரியை அது பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில், இலத்தீன் விவிலியத்தைத் திருத்திப் பதிப்பிப்பதற்காக 1587இல் அங்கே கொண்டுபோய்ப் பின்னர் திருப்பி அனுப்பினார்கள்.

‘முழுமையாக’ என்பதைக் கொஞ்சம் தளர்த்தித்தான் கொள்ள வேண்டும்: பாரூக்கு நூல் இதில் இல்லை. நற்செய்திகளை மட்டும் கொண்ட ஏடுகளில் இதைவிடப் பழையவை உண்டு. வெர்செல்லி நகரிலுள்ள ஏடு 4ஆம் நூற்றாண்டினது. அதிலிருப்பது, அமியாற்றினுஸ் ஏட்டில் உள்ள புனித ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்புக்கு முந்திய பழைய இலத்தீன் பாடம்.

கேள்வி: அந்தப் புத்தகத்துக்கு ஐந்நூறு கன்றுகளின் தோல் வேண்டியிருந்ததாம். மிகைதானே? தோலைத் தாளாக்குவது எப்படி? — வாசகி ஒருவர், வட்டுக்கோட்டை

மிகையில்லை. ஏட்டில் 1030 தாள்கள். இரண்டு தாளுக்கு ஒரு துண்டை நடுவே மடிப்பார்கள். அந்தத் துண்டின் அளவு ஏறத்தாழ 68க்கு 50 சென்ரிமீற்றர். ஒரு கன்றுத் தோலில் அப்படி ஒன்றுதான் தேறும். ஆக 515 தோல்கள். புத்தகத்தின் நிறை சுமார் 34 கிலோ. மூன்று பிரதிகளுக்கும் கணக்குப் பார்த்தால் 1500ஐத் தாண்டுகிறது. அது ஒரு மடம் மட்டுமல்ல, பெரிய மாட்டுப் பட்டியும்கூட.

தோலை நீரில் அலசி, சுண்ணாம்புக் கரைசலில் ஒரு வாரம், பத்து நாள் ஊறப்போட்டு அடிக்கடி கிளறுவார்கள். மயிர் இளகியதும் வளைந்த கட்டையில் விரித்து மழுங்கிய கத்தியால் வழிப்பார்கள். அடுத்தது சட்டத்தில் கட்டுவது. ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கோத்தால் இழுக்கும்போது கிழிந்துவிடும். எனவே சிறு கூழாங்கல்லை ஓரத் தோலில் பொதிந்து, அந்தப் பொட்டலத்தின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி முளையில் மாட்டுவார்கள். ஈரத்தோடு பிறைக் கத்தியால் சுரண்டி, காயக் காய முளைகளை முறுக்கி, காய்ந்தபின் மறுபடி சுரண்டுவார்கள். இழுவிசையிலேயே உலர்வதுதான் தோலை எழுதக்கூடிய தாளாக்குகிறது. செருப்புத் தோலைப்போல இது பதனிடப்படுவதில்லை.

சுண்ணாம்பில் நாள் கூடினால் தோல் வலுவிழக்கும். உரிக்கும்போது கத்தி நுனி பட்ட சின்னக் கீறல்கூடச் சட்டத்தில் இழுபட்டு முட்டை வடிவ ஓட்டையாகிவிடும். பல பழைய ஏடுகளில் எழுத்து ஓட்டையைச் சுற்றிப் போவதைக் காணலாம்.

மை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அக்கால ஐரோப்பாவில் பரவலாக இருந்தது மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி என்ற இரும்பு உப்பு, பிசின் சேர்ந்த மை. அன்னபேதி கூடினால் காலப்போக்கில் மை தாளையே அரிக்கும்.

கேள்வி: இத்தாலியில் இருந்த ஏடு இங்கிலாந்தில் எழுதப்பட்டதென்று எப்படித் தெரிந்தது? — வாசகர் ஒருவர், சுண்டுக்குளி

நெடுங்காலம் தெரியாமல்தான் இருந்தது. முன்பக்கத்துக் காணிக்கைச் செய்யுளில் ‘லங்கோபார்டியரின் கடைக்கோடியிலிருந்து மடாதிபதி பேதுரு’ என்றிருந்தது. லங்கோபார்டியர் இத்தாலியில் குடியேறி ஆண்ட இனத்தார். லேவியர் நூலின் தொடக்கத்தில் செர்வாந்துஸ் என்ற பெயர் கிரேக்கத்தில் வருகிறது. இரண்டையும் வைத்து இத்தாலிய ஏடு என்றே நம்பினார்கள்.

ஆனால் அந்தச் செய்யுளின் சில சொற்கள் சுரண்டிய இடத்தின்மேல் எழுதப்பட்டவை. காட்டிக்கொடுத்தது யாப்பு. வெண்பாவில் ஒரு சீரை மாற்றிவைத்தால் தளை தட்டுமல்லவா, அதேபோல முதலடியில் ‘பேத்ரி’ (இராயப்பரின்) இருந்த இடத்தில் ‘சல்வதோரிஸ்’ (மீட்பரின்) என்று நுழைத்ததும் அடி நீண்டு ஓசை கெட்டுவிட்டது. இராயப்பரை எடுத்துவிட்டுத் தங்கள் மடத்தின் மீட்பரை வைத்திருக்கிறார்கள்! 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெ ரொஸ்ஸி என்ற இத்தாலிய அறிஞர், அழிந்த பெயர் செயோல்பிரித் என்று ஊகித்தார். பிறகு ஆங்கில அறிஞர் ஹோர்ட், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய செயோல்பிரித் வரலாற்றில் அதே செய்யுள் சுரண்டப்படுமுன் இருந்த பெயர்களோடு எடுத்தாளப்பட்டிருப்பதைக் கண்டார். அங்கே ‘ஆங்கிலேயரின் கடைக்கோடியிலிருந்து மடாதிபதி செயோல்பிரித்’ என்றிருக்கிறது. வழக்கு அத்தோடு முடிந்தது.

மற்ற இரு பிரதிகளில் சில தாள்களே மிச்சம். கணக்குப் புத்தகத்துக்கும் காணிப் பத்திரங்களுக்கும் உறையாகப் போட்டதால் அவையாவது தப்பின.

கேள்வி: வீட்டில் தோல்தாளில் எழுதிய பழைய பத்திரம் ஒன்று இருக்கிறது. ஓலைச்சுவடிக்குப் போல எண்ணெய் பூசலாமா? — வாசகர் ஒருவர், இளவாலை

வேண்டாம். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் நல்லது. தோல்தாளிலோ எண்ணெய் ஊறிக் கறையாகும், மையின் பிடியும் தளரும். வெயிலில் காயவைத்தால் சுருங்கும், பிறகு நிமிராது. சூடு கொடுத்துப் பிளாஸ்ரிக் உறை ஒட்டுவதும் அதே கேடு. அமிலமற்ற கடதாசியில் பொதிந்து, தட்டையான பெட்டியில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஈரப்பதம் 50 வீதத்தை ஒட்டி இருந்தால் போதும். மாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், ஆனால் பத்திரத்தில் முட்டக்கூடாது.