அமெரிக்கப் பங்கில் 40 டாலர் டிவிடெண்ட் வந்தால் அதையும் ஐடிஆரில் (வருமான வரிக் கணக்குத் தாக்கலில்) காட்ட வேண்டுமா?

ஆமாம். வழக்கமாக இந்தியாவிலேயே குடியிருப்பவர் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் இங்கே கணக்கு காட்டியாக வேண்டும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிட வரம்பு எதுவும் கிடையாது.

பலர் சறுக்குவது தொகையில்தான். 10 டாலரை, அதாவது 25 சதவீதத்தை, அமெரிக்கா முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 30 டாலரைத்தான் உங்கள் கணக்கில் போட்டிருக்கும். நீங்கள் காட்ட வேண்டியது முழு 40. டிவிடெண்ட் வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் எஸ்பிஐ டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) வாங்கும் விலையில், அதாவது வங்கி டாலரை வாங்கும் விலையில், ரூபாயாக்குங்கள். பிடித்த வரிக்கு இங்கே கழிவு உண்டு, ஆனால் அந்த வருமானத்துக்கு இங்கே வரும் வரியைத் தாண்டாது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு (அதாவது 2024-25 நிதியாண்டு வருமானத்துக்கு) அதைப் படிவம் 67 மூலம் கேட்க வேண்டும்.

ஐடிஆர்-1 சரிவராது, பிசினஸ் வருமானம் இல்லையென்றால் ஐடிஆர்-2. அப்புறம் ஷெட்யூல் எஃப்ஏ, அதாவது அந்தப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் பகுதி. டிவிடெண்ட் வராவிட்டாலும் பங்கை அதில் காட்ட வேண்டும். அது மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான கணக்கு, ஏன்தான் இப்படி வைத்தார்களோ! காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனால் காட்டுவதிலிருந்து விலக்கு கிடையாது.