கருவியை முதலில் தேர்ந்தெடுங்கள்: மினி டிராக்டர் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆனைமலைப் பகுதியில் எனக்கு நாலரை ஏக்கர் இருக்கிறது. மூன்று ஏக்கரில் 25 அடி இடைவெளியில் தென்னை. மீதி ஒன்றரை ஏக்கரில் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். மழை பெய்து நிலம் பதமாக இருக்கும் நாளில் வாடகை டிராக்டர் கிடைப்பதே இல்லை. சொந்தமாக ஒரு மினி டிராக்டர் வாங்கினால் 18 எச்.பி. (குதிரைத்திறன்) போதுமா, 27 எச்.பி. வேண்டுமா? சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரையும், ஐந்தடி அகலத்தில், சேர்த்து எடுக்கச் சொல்கிறார் விற்பனையாளர்.

பதில்: எச்.பி.யிலிருந்து கேள்வியைத் தொடங்கினால் விடை விற்பனையாளரின் கைக்குப் போய்விடும். ஆகவே உங்கள் நிலத்திலிருந்து தொடங்குவோம். நிலத்தில் என்ன வேலை, அந்த வேலைக்கு எந்தக் கருவி, அந்தக் கருவியை இழுக்கவும் தூக்கவும் எவ்வளவு பெரிய டிராக்டர் என்ற வரிசையில் யோசித்தால் தவறு நேர்வது குறையும்.

தென்னையின் உயிர்ப்புள்ள வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஏறத்தாழ ஆறடிக்குள் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் ரோட்டவேட்டரை ஓட்டக் கூடாது. இரு வரிசைகளிலும் ஆறடி விட்டால் நடுவில் 13 அடி கிடைக்கும். அதில் எந்த மினி டிராக்டரும் தாராளமாகப் போய்வரும் என்பதால், தென்னந்தோப்பில் அகலம் உங்களுக்குத் தடையில்லை. இளங்கன்றுகள் இருந்தால் தாழ்ந்த மட்டைகளில் உரசாத உயரம்தான் தேவை. மேல்நோக்கி நிற்கும் புகைக்குழாயை விடப் பக்கவாட்டில் அல்லது கீழ்நோக்கித் திரும்பிய புகைக்குழாய் அங்கே நல்லது. காய்கறி நிலத்தில் கவனிக்க வேண்டியது வேறு. பாதையின் கதவு எவ்வளவு அகலம், வரிசை முடிவில் திரும்புவதற்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கிறதா, சொட்டுநீர்க் குழாயின் முதன்மை இணைப்பு எந்த ஓரத்தில் நிற்கிறது என்பவற்றை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு கடைக்குப் போவது பேரம் பேசுவதைவிட அதிகப் பயன் தரும்.

இனி ரோட்டவேட்டர். ஓரளவு இறுகிய மண்ணில் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் ஆறு முதல் ஏழு எச்.பி. வரை தேவை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் ஐந்தடி ரோட்டவேட்டர் 35 எச்.பி. டிராக்டருக்கு உரியது. அதை 27 எச்.பி.யில் மாட்டினால், எஞ்சின் திணறுவதைத் தவிர்க்க ஓட்டுபவர் ஆழத்தைக் குறைப்பார். மேல் மண் மாவாகும், கீழ் மண் அப்படியே கிடக்கும். நீங்கள் வாங்க வேண்டியது மூன்றரை அடி, மிஞ்சினால் நான்கடி. அதே சமயம் அது பின் டயர்களின் வெளி அகலத்தைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. இருந்தால் உழுத மண்ணையே டயர் மிதித்து இறுக்கிவிடும்.

விலைப்பட்டியலில் தெரியும் எச்.பி. எஞ்சினுடையது. ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது அதில் ஏறத்தாழ 85 சதவீதம். எனவே பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். தூக்கும் திறனையும் கேளுங்கள். மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 ஆகிய இரண்டும் 24 எச்.பி. உடைய நான்கு சக்கர இயக்க வண்டிகள். இரண்டுக்கும் தூக்கும் திறன் 750 கிலோ என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண், டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டித் தூக்கும் கைகளான கீழ் லிங்க்குகளின் நுனியில் அளக்கப்பட்டது. கருவியின் பாரம் அதற்கும் பின்னால் தள்ளி இருப்பதால், உண்மையில் தூக்கக்கூடியது குறைவு; முன் சக்கரங்களும் லேசாகிவிடும். முன்பக்க எடைக்கட்டிகளைச் சேர்த்து வாங்குவது வீண் செலவு ஆகாது.

உங்கள் நிலத்துக்கு 22 முதல் 25 எச்.பி. வரையிலான நான்கு சக்கர இயக்க வண்டியையே நான் சொல்வேன். 18 எச்.பி. காய்கறிப் பாத்திகளுக்குப் போதும். கோடையில் இறுகிப்போன தோப்பு மண்ணை அது ஒரே உழவில் பெயர்க்காது. 27க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைக் கருவிகளில் போடுங்கள். முதலில் ஐந்து கொழு உள்ள கொத்துக் கலப்பை, அடுத்து ரோட்டவேட்டர், பிறகு பார் பிடிக்கும் கலப்பை. இந்த வரிசை முக்கியம். பலர் ரோட்டவேட்டரை மட்டும் வாங்கி ஆண்டு முழுவதும் அதையே ஓட்டுகிறார்கள். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்பச் சுழலும் கத்திகளுக்குக் கீழே மண் தகடுபோல் இறுகி, நீர் இறங்காமல், மிளகாயின் வேர் அழுகும்போதுதான் காரணத்தைத் தேடுகிறார்கள். கொத்துக் கலப்பையால் கிளறிய பின்பு ரோட்டவேட்டரை ஒருமுறை ஓட்டினால் போதும்.

வாங்கும் முன் இன்னொரு கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டர் மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 2,500 சதுர மீட்டர் உழும். திரும்புவதற்கும் ஓரங்கள் மேற்படிவதற்கும் கால் பங்கைக் கழித்தால் சுமார் 1,900. ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர் ஆகையால் ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் பிடிக்கும். தோப்பில் உழக்கூடிய பரப்பு பாதிதான்; ஆண்டுக்கு மூன்று முறை உழுதாலும் பத்து மணி நேரம். காய்கறி நிலத்தில் ஆண்டுக்கு மூன்று பயிர் எடுத்து, ஒவ்வொரு பயிருக்கும் மூன்று முறை ஓட்டினால் முப்பது மணி நேரம். உரமும் தேங்காயும் ஏற்றுவதைச் சேர்த்தாலும் நூறு மணியைத் தாண்டுவது கடினம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு வண்டியை அந்த நூறு மணி நேரத்துக்காக மட்டும் கடன் வாங்கி எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் உங்கள் குறை வாடகையைப் பற்றியது அல்ல, பதம் தவறுவதைப் பற்றியது. அது உண்மையான இழப்பு. பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரோடு சேர்ந்து வாங்கி, யாருக்கு எந்த நாள், டீசலும் பழுதும் யார் கணக்கு என்பதை எழுதி வைத்துக்கொண்டால் கணக்கும் பதமும் இரண்டும் கைகூடும். அது இயலாதென்றால், களைக்கு ஒரு பவர் வீடரைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, உழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை (இணையவழி இயந்திர வாடகை) வழியாக முன்பதிவு செய்து பாருங்கள்.

மானியம் பற்றி ஒன்று. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, அந்தந்த ஆண்டு ஒதுக்கீட்டைப் பொறுத்துத் தரப்படுகிறது. நாலரை ஏக்கர் என்பதால் நீங்கள் சிறு விவசாயி. அதற்கான சான்றிதழை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். துறையின் ஒப்புதல் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டினால் புதியதைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரத்தநாட்டுக்கு அருகே மூன்று ஏக்கர் நெல் வயல். மினி டிராக்டர் சேற்றுழவு தாங்குமா?

பதில்: வயலின் அடித்தளம் தாங்கினால் வண்டியும் தாங்கும். தண்ணீர் கட்டிய வயலில் நீங்களே இறங்கி நடந்து பாருங்கள். கணுக்கால் மூழ்கி உறுதியான தளம் தட்டுப்பட்டால், எடை குறைந்த வண்டி பெரிய டிராக்டரைவிட நன்றாக வேலை செய்யும். முழங்கால் வரை இறங்கினால் எந்த மினி டிராக்டரும் அச்சு வரை புதைந்து நிற்கும், அங்கே கைப்பிடித்து நடந்தபடி ஓட்டும் பவர் டில்லரே ஏற்றது. சேற்றுக்கு நான்கு சக்கர இயக்கமும் பின் சக்கரங்களுக்குக் கேஜ் வீலும் (சேற்றில் பிடிப்புத் தரும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) தேவை. கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது. சேற்றுழவு முடிந்த அன்றே முன் அச்சிலும் ரோட்டவேட்டரிலும் உள்ள ஆயிலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். வரப்பைக் குறுக்காகச் சரிந்து கடக்காமல், சரிவு வெட்டி நேராகக் கடக்க வேண்டும். செங்குத்தான கரையில் ஏறும்போது பின்னோக்கி ஏறுங்கள். முன்னோக்கி ஏறினால் பின்னால் தொங்கும் கருவியின் எடை முன் சக்கரங்களைத் தூக்கி வண்டியை ஓட்டுபவர் மேலேயே கவிழ்த்துவிடக் கூடும்.

கேள்வி: கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். ஒட்டன்சத்திரம் அருகே இரண்டு ஏக்கர் காய்கறித் தோட்டத்தை நானே பார்க்கிறேன். டிராக்டரை நானே ஓட்டி, கருவிகளை நானே மாட்ட முடியுமா?

பதில்: முடியும், அம்மா. ஓட்டுவதைவிட மாட்டுவதில்தான் சிரமம் இருக்கிறது. மூன்றரை அடி ரோட்டவேட்டரே மிகவும் கனமானது என்பதால் அதைக் கையால் நகர்த்த நினைக்காதீர்கள். சமதளமான சிமென்ட் தளத்தில் கருவிகளை நிறுத்தி வையுங்கள். டிராக்டரை நேராகப் பின்னோக்கிக் கொண்டுவந்து, முதலில் இடது கீழ் லிங்க்கையும், பிறகு உயரத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய வலது லிங்க்கையும், கடைசியாக மேல் லிங்க்கையும் மாட்டுங்கள். கடையில் வண்டியைப் பார்க்கும்போதே, விற்பனையாளரின் ஆள் உதவாமல் நீங்கள் தனியாக ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் உள்ளதையும், கிளட்ச் உங்கள் காலுக்கு முழுமையாக அழுந்துவதையும் உறுதிசெய்யுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ அதில் பட்டால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. தண்டை மூடும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பின்பே கருவியின் அருகில் போங்கள். வேலை செய்ய வருபவர்களுக்கும் இதையே கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய மினி டிராக்டர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: காலையில், எஞ்சின் சூடாகும் முன் போய், உங்கள் கண்முன் முதன்முறையாக இயக்கச் சொல்லுங்கள், முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். கனமான கருவியை மாட்டித் தூக்கி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அது மெல்ல இறங்கிக்கொண்டே போனால் ஹைட்ராலிக் தேய்ந்திருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒப்பிட்டு, வங்கிக் கடன் பாக்கி இல்லை என்ற சான்றையும் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். அந்த மாடலுக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் உதிரி பாகம் கிடைக்காதென்றால், பாதி விலைக்கும் வேண்டாம்.